இழுக்கிற பலம் வேற, தாங்கிற பலம் வேற

‘வீட்டை வித்துப்போட்டு ரோட்டில வாழுறம்’ எண்ட மாதிரியான அமெரிக்க, கனேடிய வீடியோக்களை எங்களில கனபேர் இரவிரவாகப் பார்க்கிறோம். பெரிய பிக்கப் ஒன்று, அதன் முதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு நீளமான வீடு, பின்னுக்கு மலை, சூரியன். வீடியோ முழுக்க ‘சுதந்திரம்’ எண்டுதான் கதை. என்ர கருத்து வேற. அந்த வாழ்க்கை முதலில் ஒரு நிறைக் கணக்கு. கணக்குப் பிழைத்தால் தண்டம் கட்டுவது அந்தக் குடும்பம் மட்டுமில்லை, அதே வீதியில் எதிரே வாற ஆக்களும்தான். விற்கிறவன் அந்தக் கணக்கை மறைக்கிறான், அரசாங்கமும் பெரிதாகக் கேட்பதில்லை எண்டதுதான் என்ர கோபம்.

முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ட்ரெய்லருக்குப் பெயர் ‘ஃபிப்த் வீல்’, ஐந்தாம் சக்கரம். குதிரை வண்டிக் காலத்துப் பெயர். நாலு சக்கர வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கையாக வைத்த வளையத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். இன்றைக்கு அது பிக்கப்பின் (எங்கட ஊரில கெப்) பின்பெட்டிக்குள் பூட்டுகிற இணைப்பு. ட்ரெய்லரின் முன்பக்கத்திலிருந்து கீழே நிற்கும் ‘கிங்பின்’ என்ற தடித்த இரும்பு அதற்குள் வந்து பூட்டிக்கொள்ளும். சாதாரண ட்ரெய்லர் வாகனத்தின் பின் பம்பருக்கு வெளியே தொங்கும், காற்றடித்தால் வாலாட்டும். ஃபிப்த் வீலின் பாரம் பின் அச்சுக்கு நேர் மேலே இறங்குவதால் ஆட்டம் குறைவு, ஓட்டம் உறுதி. இது உண்மையிலேயே நல்ல வடிவமைப்பு. ஆனால் சிக்கல் தொடங்குவதும் இதே இடத்தில்தான்.

பிக்கப் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் ஓர் இலக்கம் இருக்கும்: எவ்வளவு இழுக்கும் எண்டது. அதைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் முடிவெடுக்கிறார்கள். ஃபிப்த் வீலுக்கு அது பாதிக் கதை. சாதாரண ட்ரெய்லர் தன் நிறையில் 10 முதல் 15 வீதத்தை வாகனத்தின் மேல் வைக்கும். ஃபிப்த் வீல் 15 முதல் 25 வீதம் வரை வைக்கும். அப்ப கேட்க வேண்டியது எவ்வளவு இழுக்கும் எண்டதை இல்லை, எவ்வளவு தாங்கும் எண்டதை. அந்த இலக்கம் விளம்பரத்தில் இல்லை. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரில் இருக்கு.

ஒருக்கா கணக்குப் போட்டுப் பாருங்கோ. சாமான் ஏற்றிய ட்ரெய்லர் 10,000 இறாத்தல் எண்டு வைப்பம். அதில் 20 வீதம் 2,000 இறாத்தல். கொக்கி 150. நாலு பேருள்ள குடும்பம் 600. மொத்தம் 2,750. ‘அரை டொன்’ எண்டு சொல்லுற ஃபோர்ட் எஃப்-150, ராம் 1500 மாதிரி வாகனங்களின் கதவு ஸ்டிக்கரில் அநேகமாக 2,000க்கும் குறைவான இலக்கம்தான் இருக்கும். இழுவை இலக்கமோ 10,000ஐத் தாண்டி நிற்கும். ரெண்டும் ஒரே வாகனத்தின் உண்மைதான். ஆனால் விற்பனைக்காரர் ஒன்றை மட்டும்தான் சத்தமாகச் சொல்லுவார்.

‘அப்ப டீசல் எஞ்சின் போட்ட பெரிசை எடுப்பம்’ எண்டு நினைக்கலாம். அதிலும் ஒரு பொறி இருக்கு. டீசல் எஞ்சின் பாரமானது. அந்தப் பாரமும் வாகனம் தாங்கக்கூடிய கணக்கிலிருந்துதான் கழியும். அதனால் ஒரே ‘முக்கால் டொன்’ மொடலில் பெற்றோல் வாகனம் டீசலை விடக் கூடத் தாங்கும். கொஞ்சம் பெரிய ஃபிப்த் வீல் எண்டாலே ‘ஒரு டொன்’ வாகனம் தேவைப்படுகிறது. இன்னும் பெரிசுக்குப் பின்னால் இரட்டைச் சக்கரம் வேணும்.

ட்ரெய்லரின் பக்கத்திலும் இதே விளையாட்டுத்தான். கையேட்டில் போடுகிற ‘வெறும் நிறை’ தண்ணியும் இல்லாமல், சட்டி பானையும் இல்லாமல் எடுத்தது. 60 கலன் தண்ணி நிரப்பினாலே 500 இறாத்தல் ஏறிவிடும். ஆகவே ட்ரெய்லரின் உச்ச நிறையை வைத்துத்தான் கணக்குப் போட வேணும். வாங்கின பிறகு, லொறிகள் நிற்கிற எரிபொருள் நிலையத் தராசில் முழுச் சாமானோடும் ஒருக்கா நிறுத்துப் பார்க்க வேணும். அதற்குப் பெரிய காசும் இல்லை.

சரி, சட்டம் என்ன செய்யுது? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், வாகனமும் ட்ரெய்லரும் சேர்ந்து 26,000 இறாத்தலுக்குள் எண்டால் சாதாரண கார் உரிமமே போதும். நேற்றுவரை சின்னக் கார் ஓட்டினவர் இன்றைக்கு 50 அடி நீளத்தோட நெடுஞ்சாலைக்கு ஏறலாம். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் பாரத்துக்கேற்பத் தனி அனுமதி கேட்கின்றன. எங்கட சொந்தக்காரர் நிறைய இருக்கிற ஒன்ராறியோவில், இழுக்கப்படுவது 4,600 கிலோவைத் தாண்டினால் பொதுவாகச் சாதாரண ‘ஜி’ உரிமம் போதாது, ‘ஏ’ வகை வேணும். நான் மேலே கணக்குப் போட்ட ட்ரெய்லர் ஏறக்குறைய 4,536 கிலோ, எல்லைக்கு மயிரிழையில் உள்ளே. ஒன்ராறியோ மாதிரி ஒரு கோடு எல்லா இடத்திலும் வேணும் எண்டுதான் நான் சொல்லுவன். கூடவே, கையெழுத்து வாங்க முன்னம் கதவு ஸ்டிக்கரையும் ட்ரெய்லர் நிறையையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுவது விற்பவரின் கடமையாக வேணும். கதவு ஸ்டிக்கர் ஏற்கெனவே சட்டப்படி ஒட்டப்படுவதுதான். அதை வாங்குகிறவரின் கண்ணுக்கு முன்னால் கொண்டுவருவது பெரிய வேலையில்லை.

‘ஓய்வுபெற்ற கிழவன் கிழவியின் சந்தோசத்திலையும் சட்டம் போடச் சொல்லுறியோ?’ எண்டு கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாழ்நாள் முழுக்க உழைத்தவர் தன் வீட்டோடு ஊர் பார்ப்பதில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. ஆனால் மலை இறக்கத்தில் பிரேக் காய்ந்து நிற்கிற 17,000 இறாத்தலுக்கு முன்னால் போற காரிலும் ஒரு குடும்பம் இருக்கு.

பராமரிப்பை வீடியோக்காரர் காட்டுவதே குறைவு. ட்ரெய்லர் ரயர் தேய்ந்து சாவதை விட வயதாகிச் சாவது கூட. கட்டை நல்லாயிருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 எண்டால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருசத்தில் மாற்றவேண்டியதுதான். சக்கர பெயாரிங்கைக் கழற்றிக் கிரீஸ் போடுவது ஏறக்குறைய வருசத்துக்கொருக்கா. எல்லாவற்றிலும் பெரிய எதிரி மழைத்தண்ணி. கூரை ஓரங்களில் பூசியிருக்கிற சீலன்ட் வெடித்தால், தண்ணி சுவருக்குள் இறங்கி, மரம் உக்கி, வெளித்தகடு பொக்களித்த பிறகுதான் தெரியவரும். அதுக்குள்ள காசெல்லாம் போயிடும்.

பயணமும் லேசில்லை. பல ஃபிப்த் வீல்களின் உயரம் 13 அடியைத் தொடும். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஒரு ரயில் பாலம், 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்று, கூரை உரிப்பதற்கே பேர்போனது. 2019இல் 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதுக்குப் பிறகும் வந்து முட்டுகிறார்கள். மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், எல்லோரும் படம் எடுக்கிற அந்த மலைப்பாதையின் முக்கியமான பகுதிக்கு 21 அடிக்கு மேல் நீளமான வாகனம் போகவே ஏலாது. வீட்டை இழுத்துக்கொண்டு போனவர், வீட்டைக் கீழே விட்டுப்போட்டுத்தான் மலையைப் பார்க்க வேணும்.

குளோயி ஜாவோவின் ‘நோமாட்லாண்ட்’ (2020) படத்தைப் பார்த்தவர்கள் அதன் அந்திவானத்தைத்தான் பகிர்ந்தார்கள். ஆனால் அந்தப் படத்தில் ஃபெர்ன் மேலதிக ரயர் இல்லாமல் நின்று பேச்சு வாங்குகிறாள். வான் பழுதாகி, திருத்தக் காசில்லாமல் அக்கா தங்கச்சி உறவிடம் போய் நிற்கிறாள். அந்தியை மட்டும் பகிர்ந்தவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கினம்.

ஆகவே ரொறன்ரோவில் இருக்கிற உங்கட மச்சான் ‘ட்ரெய்லர் எடுக்கப் போறன்’ எண்டு படம் அனுப்பினால் இதயக்குறி போட முன்னம் மூண்டு கேள்வி கேளுங்கோ: கதவு ஸ்டிக்கரில என்ன இலக்கம்? ட்ரெய்லரின் உச்ச நிறை என்ன? உரிமம் என்ன வகை? மூண்டுக்கும் உடன பதில் வந்தால், பயணத்துக்கு வாழ்த்துச் சொல்லலாம்.