மஞ்சச் சுவர் மட்டும்தான் பாண்டியா?

போட்டோ புத்தகம் சேர்க்கிறேன்னு சொன்னா, "சினிமாவா, சாமி படமா?"ன்னு கேக்குறாங்க. ரெண்டும் இல்லைங்க. ரோடு, பெட்ரோல் பங்க், காலி மனை... மனுஷன் கை வெச்சு மாத்தின நிலம். "இதுக்கா காசு?"ன்னு அடுத்த கேள்வி வரும் :-)

இந்த வகையறாவுக்குப் பேர் வாங்கிக் குடுத்தது 1975ல அமெரிக்காவின் ராச்செஸ்டர்ல நடந்த 'நியூ டோப்போகிராஃபிக்ஸ்' கண்காட்சி. அதுல பங்கெடுத்தவங்கள்ல ராபர்ட் ஆடம்ஸ் ஒருத்தர். 1974ல வந்த அவரோட 'தி நியூ வெஸ்ட்', கொலராடோல மலையடிவாரத்தைப் புது வீடுகள் தின்ன கதை. திட்டவும் மாட்டார், புகழவும் மாட்டார். வெயில்ல நிக்க வெச்சுக் காட்டுவார், அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கு வருவோம். புதுச்சேரி பத்தின பளபளா புத்தகம் எதை எடுத்தாலும் மஞ்சச் சுவர், காகிதப்பூ, மரக்கதவு, சாய்ச்சு வெச்ச சைக்கிள். வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும்தான் ஊரே இருக்குங்கிற மாதிரி!

ஆனா நிஜத்துல மாறினது என்ன? 1980கள் கடைசியில துறைமுகத்துக்குக் கல்தடுப்பு வந்துச்சு. அதுக்கு வடக்கே மணல் அரிச்சுப் போய், கடற்கரைச் சாலை ஓரம் கருங்கல் குவிஞ்சுச்சு. 2018ல கடலுக்குள்ள செயற்கைத் திட்டு போட்டப்புறம், தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கொஞ்சம் மணல் திரும்பி வந்துச்சு. ஒரே இடத்துல நின்னு வருஷா வருஷம் எடுத்திருந்தா, ஆடம்ஸ் பக்கத்துல வைக்கிற புத்தகமாச்சே அது. மேரி கட்டடம் 2014 நவம்பர்ல இடிஞ்சு விழுந்துச்சு. இப்ப நிக்கிறது பழைய சாயல்ல கட்டி 2021ல திறந்தது. பழசுக்கு இனி படம் மட்டும்தான் சாட்சி.

"பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல லட்சத்துக்கு மேல படம் இருக்கே"ம்பீங்க. இருக்கு, பெரிய சொத்து. ஆனா பெரும்பாலும் கோயில், சிற்பம். பஸ் ஸ்டாண்டையும் அதே சிரத்தையோட யாராவது எடுக்க வேணாமா?

இன்னொரு விஷயம். இந்தப் புத்தகங்களை ஷேர் மார்க்கெட் மாதிரி வாங்கி, பிளாஸ்டிக் உறை பிரிக்காம வெக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு. எனக்கு அது ஒத்துவராது. எட் ருஷே 1966ல சன்செட் ஸ்ட்ரிப் தெருவோட ரெண்டு பக்கக் கட்டடத்தையும் வரிசையா எடுத்து, விசிறி மடிப்புல புத்தகமாப் போட்டார். விரிச்சா இருபத்தஞ்சு அடி நீளம். விரிக்காம வெச்சா அது வெறும் அட்டைப்பெட்டிதான்.

நம்ம நேரு வீதிக்கு அப்படி ஒண்ணு வேணும். ஃப்ளெக்ஸ் போர்டு, கரண்ட் ஒயர், பெரிய மார்க்கெட், நடைபாதைக் கடை, எதையும் விடாம. கேமரா இருக்கிற பாண்டிக்காரங்க யாராவது எடுங்கப்பா. ஜெராக்ஸ் போட்டு பின் அடிச்சுக் குடுத்தாலும் சரி, முதல் பிரதி எனக்கு.