எண்ணா, பெயரா?

நிரலில் அனுமதிகளுக்குப் படித்தல் 1, எழுதுதல் 2, நீக்குதல் 4 எனப் பெயரிடுகிறோம். பிழை தேடும்போது திரையில் 5 என்று மட்டும் தெரிந்தால் என்ன பயன்? ஜிடிபி என்னும் பிழைதிருத்தி அதைப் ‘படித்தல் | நீக்குதல்’ எனப் பிரித்துக் காட்டுகிறது. ‘கொ’வை க் + ஒ எனத் தமிழ்ப்பள்ளியில் பிரித்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

மதிப்பு 13 ஆனால்? பெயரில்லாத 8-ஐ மறைக்காமல், ‘தெரியாதது’ என்று தனியே காட்டுகிறது. அதன் பெருஞ்சிறப்பே அதுதான். பிழை அங்கேதான் ஒளிந்திருக்கக்கூடும். பெயர்களை மட்டும் அழகாகக் காட்டி, எஞ்சியதை விழுங்கிவிடும் கருவியைவிட வெறும் எண்ணே மேல்.

1972 முதல் இன்டெல் இயங்கிவரும் பாயான் லெப்பாஸில் நாளை பணிக்குச் செல்லவிருக்கும் நண்பர்களே! தெரிந்ததைப் பெயரோடும், தெரியாததை ஒளிக்காமலும் சொல்லும் கருவியையே நம்புங்கள்.