ஃபயர்பாலைக் கையில வச்சுக்கிட்டே தோக்காதீங்க

வீக்கெண்ட்ல மேஜிக்: தி கேதரிங் விளையாடுறவங்க உங்கள்ல சிலர் இருப்பீங்க. விளையாடாதவங்களும் படிங்க, கடைசியில உங்க சம்பளத்துக்குத்தான் வரப்போறேன்.

இந்த ஆட்டத்துல மானாதான் காசு. லேண்ட் கார்டுகள் ஒவ்வொரு டர்னும் மானா தரும். அதை வச்சு கிரியேச்சர்களை இறக்கி, எதிராளியோட 20 லைஃபைக் காலி பண்ணணும். எதிராளியோட கிரியேச்சரை ஒழிக்கிற கார்டுக்குப் பேர் ரிமூவல்.

1993-ல வந்த முதல் செட்லயே இருக்கிற ரெண்டு ரிமூவலைப் பாருங்க. லைட்னிங் போல்ட்: 1 மானா, 3 அடி, எப்பவும் அவ்வளவுதான். ஃபயர்பால்: 1 மானா அடிப்படை, அதுக்கு மேல எவ்வளவு போடுறீங்களோ அவ்வளவு அடி. அதாவது 3 அடிக்கு 4 மானா. எந்த அளவுக்கு வேணும்னாலும் பயன்படுத்தலாம்ங்கிற வசதிக்கு நீங்க கொடுக்கிற விலை அந்தக் கூடுதல் 3 மானா.

கிரியேச்சர் நிறைய இருக்கிற டெக்குக்கு இந்த விலை நியாயம்தான்னு நான் சொல்வேன். முதல் சில டர்ன்ல உங்க மானா எல்லாம் கிரியேச்சருக்கே போயிடும். அப்புறம் கை காலியாகும், லேண்ட் மட்டும் 7, 8 சேர்ந்து சும்மா கிடக்கும். அந்த நேரத்துல ஃபயர்பால் பெரிய கிரியேச்சரையும் சாய்க்கும். எதிராளி 6 லைஃப்ல இருந்தா, 7 மானாவுல ஆட்டத்தையே முடிச்சிடும். ஆனா 40 கார்டு டெக்ல ரெண்டு போதும். அஞ்சு வச்சா, ஆரம்பத்துல கையில கார்டு இருக்கும், களத்துல ஆள் இருக்காது.

பெரிய தப்பு இன்னொண்ணு இருக்கு. "பெருசா ஏதாவது வரும், அதுக்கு வச்சிருப்போம்"னு ஃபயர்பாலைப் பிடிச்சுக்கிட்டே இருக்கிறது. எதிர்ல ஒரு சின்ன கிரியேச்சர் டர்னுக்கு 2 அடி அடிக்குது. அதைத் தடுக்க உங்ககிட்ட ஆள் இல்லை. அஞ்சு டர்ன் காத்திருந்தா 10 லைஃப் போச்சு, பாதி உயிர்! 3 மானாவுல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

இப்ப உங்க பேங்க் கணக்கைப் பாருங்க. எமர்ஜென்சிக்குன்னு 1 லட்சம் சும்மா இருக்கு. இன்னொரு பக்கம் கிரெடிட் கார்டுல 30,000 பாக்கி, மாசாமாசம் மினிமம் மட்டும் கட்டுறீங்க. அதே தொகைக்குச் சேமிப்புக் கணக்கு ஒரு வருஷத்துக்குத் தர்ற வட்டியை, கார்டு பெரும்பாலும் ஒரே மாசத்துல வாங்கிடும். அந்த 30,000-தான் உங்களைத் தினமும் அடிக்கிற சின்ன கிரியேச்சர்.

மொத்தத்தையும் கொட்டச் சொல்லலை. 30,000-ஐ அடைச்சிடுங்க, மீதி 70,000 கையில இருக்கட்டும். இனிமே மினிமம் கட்டுற காசை வச்சு அந்தப் பள்ளத்தை நிரப்புங்க. ஃபயர்பால் ஒரு தடவை போனா போனதுதான். உங்க பணத்தைத் திரும்பச் சேர்க்கலாம், அடுத்த சம்பளம் வருதே!