கதவோரத்து மூன்று நாற்காலிகள்

“இணைய வேகத்தை 100 எம்பிபிஎஸ்-இலிருந்து 300-க்கு உயர்த்திவிட்டேன். மாதக் கட்டணமும் கூடிவிட்டது. ஆனாலும் மகன் தன் காணொளிகளைப் பதிவேற்றத் தொடங்கினால் என் அலுவலகக் கூட்டம் திக்கித் திணறுகிறது. இன்னும் வேகத்தைக் கூட்ட வேண்டுமா?” என்று பூச்சோங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பதில் சொல்லுமுன் ஒரு பழைய கதை. இதில் தவறு செய்தவன் நான்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்புக் கம்பி வழி வரும் இணைய இணைப்பு. பதிவேற்ற வேகம் வெறும் 512 கேபிபிஎஸ். தொலைபேசியும் அதே இணைப்பில்தான் ஓடியது. அழைப்புகளை எடுக்க ஒரு பெண் இருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

“தம்பி, நாலு மணிக்கு மேல போன் பண்ணா அந்தப் பொண்ணு பேசவே விடமாட்டேங்குதுன்னு வாடிக்கையாளருங்க சொல்றாங்க. கேட்டா பதில் இல்ல, திரும்பக் கேட்டா குறுக்க விழுந்து பேசுதாம்” என்றார் முதலாளி. இரண்டு முறை கண்டித்துவிட்டார். மூன்றாவதாக, வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் மேசையில் தயாராக இருந்தது.

அந்தப் பெண் என்னிடம் சொன்னது வேறு. “அண்ணே, அவங்க கேட்ட உடனே நான் பதில் சொல்லிடறேன். நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே அவங்க ‘ஹலோ ஹலோ’ன்னு மறுபடியும் கேக்குறாங்க.”

நான் அதை அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. குரலுக்கு முன்னுரிமை கொடுத்து அந்த ரவுட்டரை அமைத்தவனே நான்தானே! என் வேலை சரி என்ற நினைப்பு.

சும்மா ஒரு சோதனைக்காக மாலை நாலரை மணிக்கு, குரலுக்குரிய அதே முன்னுரிமையோடு ஒரு பொட்டலத்தை அனுப்பிப் பார்த்தேன். காலையில் 20 மில்லிவினாடியில் போய்த் திரும்பியது, இப்போது ஒன்றரை வினாடி எடுத்தது. அந்த நேரத்தில்தான் அன்றைய சரக்கு ஆவணங்களை எல்லாம் ஸ்கேன் செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அந்தப் பெண்ணின் பதில் ஒன்றரை வினாடி தாமதமாக மறுமுனைக்குப் போகிறது. அதற்குள் வாடிக்கையாளர் பொறுமையிழந்து மறுபடி கேட்கத் தொடங்குகிறார். சரியாக அப்போது பதில் போய் விழுகிறது. குறுக்கே பேசுவதுபோல் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

முன்னுரிமை கொடுத்தும் ஏன் இப்படி? ஒரு கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கூடத்தில் தாதி இருக்கிறார். அவசர நோயாளி வந்தால் முன்னால் அனுப்புவார். ஆனால் டாக்டர் அறைக் கதவோரம் 64 நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்துவிட்டால் யாரும் இடம் மாற முடியாது. தாதி அவசர நோயாளியை முதலில் அனுப்பினாலும், அவர் 65-ஆவது ஆளாகத்தான் டாக்டரைப் பார்ப்பார்.

ரவுட்டரிலும் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று மென்பொருள் வரிசை. நாம் எழுதும் முன்னுரிமை விதிகள் அங்கே வேலை செய்யும். அதற்குப் பின்னால், கம்பிக்கு மிக அருகில், வன்பொருள் வரிசை ஒன்று இருக்கிறது. அது யாரையும் பிரித்துப் பார்க்காது. முதலில் வந்தது முதலில் போகும், அவ்வளவுதான். வன்பொருள் வரிசை நிறைந்த பிறகுதான் மென்பொருள் வரிசைக்கே வேலை வருகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு முழுப் பொட்டலம் 1,500 பைட், அதாவது 12,000 பிட். 512 கேபிபிஎஸ் இணைப்பில் அது வெளியேற ஏறக்குறைய 23 மில்லிவினாடி. அந்த ரவுட்டரின் வன்பொருள் வரிசையில் 64 பொட்டலங்களுக்கு இடம் இருந்தது. 64 பொட்டலங்கள் வெளியேற 1.5 வினாடி!

அந்த எண்ணை 3-ஆகக் குறைத்தேன். சிஸ்கோ கருவிகளில் இதற்கு ‘டிஎக்ஸ்-ரிங்-லிமிட்’ என்று ஒரு கட்டளையே உண்டு. மறுநாள் நாலரை மணிக்குச் சோதித்தபோது 100 மில்லிவினாடிக்குள் பதில் வந்தது. பேச்சு ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிவினாடிக்கு மேல் ஆகாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. புதிய இணைப்பு வாங்கவில்லை. ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

முதலாளி கடிதத்தை மேசைக்குள் தள்ளிவிட்டார். அந்தப் பெண்ணிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இது அந்தக் காலத்துச் சிக்கல் என்று நினைக்காதீர்கள். நினைவகம் மலிவாகிப்போனதால் மோடம், ரவுட்டர், கணினி என எல்லாவற்றிலும் நீண்ட வரிசைகளை வைத்துவிட்டார்கள். 2010-இல் அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் தம் சொந்த வீட்டு இணைப்பிலேயே இந்தக் கோளாற்றைக் கண்டு, ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வேன் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பொட்டலம் என்று அது எண்ணுவதில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிவினாடிக்குக் குறையாமல் தொடர்ந்து நீடித்தால், சில பொட்டலங்களைக் கைவிட்டு, வேகத்தைக் குறைக்கும்படி அனுப்புநருக்கு உணர்த்துகிறது. அதே 2012-இல் லினக்ஸ் 3.3 வந்தபோது, வன்பொருள் வரிசையின் நீளத்தைத் தானே அளந்து சரிசெய்யும் வசதியும் அதில் சேர்ந்தது.

இனி பூச்சோங் வாசகருக்கு. முதலில் சோதனை. கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். வைஃபை கோளாறு இதில் கலந்துவிடக் கூடாது. கணினியின் கட்டளைத் திரையில் ‘பிங்’ ஓடவிட்டு, சும்மா இருக்கும்போது வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மகனைப் பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றச் சொல்லுங்கள். 10, 15 என்று இருந்த எண் 200, 300 என்று ஏறினால் உங்கள் சிக்கல் வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

சேவை நிறுவனம் தந்த மோடத்துக்குள் இருக்கும் வரிசையை நம்மால் தொட முடியாது. ஆனால் அது நிறையாமல் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ரவுட்டரில் ‘எஸ்கியூஎம்’ வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அளந்த பதிவேற்ற வேகத்தில் 90 விழுக்காட்டை அதில் உச்சவரம்பாக எழுதுங்கள். 50 எம்பிபிஎஸ் கிடைத்தால் 45 என்று வையுங்கள். வரிசை மோடத்தை விட்டு, நம் விதிகள் செல்லும் ரவுட்டருக்கு வந்துவிடும். ‘முன்னுரிமை’ மட்டும் தந்து, வேக வரம்பு கேட்காத ரவுட்டராக இருந்தால் பெரிய பயன் இருக்காது. நான் போர்ட் கிள்ளானில் செய்த பாதி வேலை அதுதான்.

வரம்பை மிகவும் குறைத்துவிடவும் வேண்டாம், வாங்கிய வேகம் வீணாகும். 90-இல் தொடங்கி, எண்ணைப் பார்த்துக்கொண்டே கூட்டிக் குறையுங்கள்.

கட்டணத்தை இன்னொரு படி உயர்த்துவதற்கு முன், மகனைத் திட்டுவதற்கும் முன், இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள், ஐயா. அடுத்த வாரம் சந்திப்போம்.