உண்டியலை எண்ணியது யார்? யூனிட் டிரஸ்ட் கதை தரும் பாடம்

சென்ற வாரம் சுசீந்திரம் தெப்பக்குளக் கரையில் நமது பத்திரிகையை விற்றுக்கொண்டு நின்றேன். கட்டிடத் தொழிலாளி ஒருவர் பத்திரிகையை வாங்கி மடித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணாச்சி, மாசம் ஐந்நூறு ரூவா மியூச்சுவல் பண்டுல போடச் சொல்லுகான். போடலாமா?"

போடு, போடாதே என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் அது பதிலாகாது. இந்தத் தொழிலை இந்தியாவில் முதன்முதலில் தொடங்கிய ஸ்தாபனத்தின் கதையை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் யூனிட் டிரஸ்ட் ஆப் இந்தியா.

பலருடைய சிறு பணத்தைத் திரட்டிப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடும் இந்த ஏற்பாடு 1868லேயே லண்டனில் தோன்றிவிட்டது. பெரிய பணக்காரனுக்குக் கிடைக்கும் அனுகூலம் சிறியவனுக்கும் கிடைக்கும் என்பதே அன்று சொன்ன வாக்குறுதி. இன்றும் அதையேதான் சொல்கிறார்கள்.

சர்க்கார் தந்த நம்பிக்கை

தனியாரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்த அனுபவம் நமது பகுதிக்குப் புதிதல்ல. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1938ல், திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் பாங்கு மூடப்பட்டது. 1960ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கு விழுந்தது. ஆகவே சர்க்காரே ஒரு டிரஸ்ட் அமைக்கிறது என்றதும் ஜனங்கள் நம்பியதில் வியப்பில்லை.

1963ல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. அப்போது நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனில் இருந்த ஜனங்களின் பணம் முந்திரா என்ற முதலாளியின் கம்பெனிப் பங்குகளில் கொட்டப்பட்ட விவகாரத்தில், 1958ல் பதவி விலகியவர் இவர்தான்! ஜனங்களின் பணத்தைக் காவல் செய்வது எப்படி என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. ஆனால் புதிய சட்டம் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஆரம்ப மூலதனம் 5 கோடி ரூபாய். அதில் பாதி ரிசர்வ் பாங்கின் பணம். 1964 ஜூலையில் 10 ரூபாய் முகமதிப்புள்ள யூனிட்டுகள் விற்பனைக்கு வந்தன. அந்தத் திட்டமே "யூ.எஸ். 64". டிரஸ்டிகளை ரிசர்வ் பாங்கும், இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனும், ஸ்டேட் பாங்கும், மூலதனம் போட்ட இதர ஸ்தாபனங்களும் அனுப்பும். யூனிட் வாங்கிய சாதாரண மனிதனுக்கு அந்தச் சபையில் ஓர் இடமும் இல்லை!

மறைந்திருந்த கணக்கு

கையிலுள்ள பங்குகளையெல்லாம் அன்றைய விலைக்கு விற்றால் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தேறும்? இதுதான் யூனிட்டின் உண்மை மதிப்பு. யூ.எஸ். 64 இதை வெளியிடவில்லை. விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் நிர்வாகமே நிர்ணயித்தது. 1990களின் நடுவில் 26 சதவிகிதம் வரை டிவிடெண்ட் வந்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. பாங்கு டிபாசிட்டைப் போல இதுவும் பத்திரமானது என்றே பென்ஷன்காரர்களும் விதவைகளும் எண்ணினார்கள்.

சுசீந்திரம் கோயில் உண்டியலைக்கூடப் பத்துப் பேர் பார்க்கக் கொட்டித்தான் எண்ணுகிறார்கள். சுமார் 2 கோடிப் பேர் பணம் போட்ட இந்த உண்டியலை எண்ணியது யார்?

1998ல் குட்டு வெளிப்பட்டது. கையிருப்பு நிதி கரைந்து பற்றாக்குறையில் நின்றது. தீபக் பரேக் கமிட்டி போடப்பட்டது. உண்மை மதிப்பின்படி விலை வைக்கும் முறைக்கு மூன்று வருஷத்தில் மாறவேண்டும் என்றது கமிட்டி. 1999ல் சர்க்கார் 3,300 கோடி ரூபாய் அளவுக்குக் கைகொடுத்தது. ஆனால் கதவு திறக்கவில்லை.

முதலில் வெளியேறியவர்கள்

2001ல் கேத்தன் பரேக் ஊழலோடு பங்கு மார்க்கெட் சரிந்தது. அந்த ஏப்ரல், மே மாதங்களில் யூ.எஸ். 64லிருந்து சுமார் 4,000 கோடி ரூபாய் வெளியேறியது. அதில் பெரும்பகுதி பெரிய கம்பெனிகளின் பணம். அவர்கள் 14 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஜூலை 2ந் தேதி விற்பனையும் திரும்ப வாங்குவதும் நிறுத்தப்பட்டன. மிஞ்சி நின்றவன் யார்? சிறு யூனிட்காரன்! கூக்குரல் எழுந்த பிறகு, 3,000 யூனிட் வரை 10 ரூபாய் வீதம் தருவதாகச் சொன்னார்கள். அந்த வருஷ முடிவில் உண்மை மதிப்பு 6 ரூபாய்க்கும் கீழே என்று தெரிந்தது.

விஷயம் தெரிந்தவன் முதலில் போனான். தெரியாதவன் நஷ்டத்தைச் சுமந்தான். இது தற்செயலா? கணக்கு மூடியிருக்கும் இடத்திலெல்லாம் இதுதான் நடக்கும்.

பழி ஒருவருக்கு, பலன் வேறொருவருக்கு

"பார்த்தீர்களா, பொதுத்துறை என்றாலே இப்படித்தான்!" என்று முதலாளிப் பத்திரிகைகள் எழுதின. 2002ல் பழைய சட்டம் ரத்தாயிற்று. 2003 பிப்ரவரியில் டிரஸ்ட் இரண்டாக வெட்டப்பட்டது. யூ.எஸ். 64 வைத்திருந்தவர்களுக்கு 5,000 யூனிட் வரை 12 ரூபாய், அதற்கு மேல் 10 ரூபாய் என்ற கணக்கில் பணமோ 6.75 சதவிகித வட்டிப் பத்திரமோ கிடைத்தது. கூச்சல் போட்டதால் கிடைத்தது, அதை மறுக்கவில்லை.

ஆனால் பழைய டிரஸ்ட் வாங்கி வைத்திருந்த பங்குகள் வெறும் காகிதமா? அவை சர்க்காரின் கைக்குப் போயின. 2014ல் ஆக்ஸிஸ் பாங்கு பங்குகளில் ஒரு பகுதி சுமார் 5,500 கோடிக்கும், 2017ல் ஐ.டி.சி. பங்குகளில் ஒரு பகுதி சுமார் 6,700 கோடிக்கும் விற்கப்பட்டன. இந்தச் சொத்து வளர்ந்தபோது பழைய யூனிட்காரனுக்கு அதில் பங்கில்லை. மறு பாதியான யூ.டி.ஐ. மியூச்சுவல் பண்டின் நிர்வாகக் கம்பெனியிலோ, 2010ல் அமெரிக்காவின் டி. ரோ பிரைஸ் 26 சதவிகிதம் வாங்கியது. 2020ல் அந்தக் கம்பெனியே பங்கு மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது.

ஆகவே நோய் பொதுத்துறை என்பதல்ல. பொதுஜனங்களின் பணம் இருந்தது. பொதுஜனங்களின் கண் இல்லை. அதுதான் நோய்.

இன்று பண்டுகள் தினமும் உண்மை மதிப்பை வெளியிடுகின்றன. ஆனால் மதிப்பைக் காட்டுவது வேறு, மதிப்பு குறையாது என்று உத்தரவாதம் தருவது வேறு. 2024ல் மாதத் தவணையாக மட்டும் 20,000 கோடிக்கு மேல் பண்டுகளில் சேர ஆரம்பித்தது. அந்தப் பணம் எந்தக் கம்பெனிக்குப் போகவேண்டும் என்பதில், தவணை கட்டுகிறவனுக்கு இன்றும் குரலில்லை.

தெப்பக்குளக் கரைத் தோழருக்கு என் பதில் இதுதான்: பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தையும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்த பணத்தையும் பங்கு மார்க்கெட்டை நம்பிப் போடாதீர்கள். மிச்சம் இருந்து போட்டால், எதில் போடுகிறார்கள், எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். முதுமைக்கு பென்ஷன் வேண்டும் என்று சங்கத்தில் சேர்ந்து கேளுங்கள். மார்க்கெட் விழுந்தாலும் விழாதது அது ஒன்றுதான்.

உண்டியலில் காசு போடுகிறவனுக்கு, அதை எண்ணும்போது அருகில் நிற்கவும் உரிமை உண்டு!