காசு கொடுத்து வாங்கும் மௌனம்

"மாட்டினால் இடி விழுந்தாலும் கேட்காது சார்" என்று ஹெட்போன் கடைப் பையன்கள் சொல்வதை நம்பாதீர்கள். 1978-ல் விமானத்தில் எஞ்சின் இரைச்சல் பொறுக்காமல் அமர் போஸ் என்ற பேராசிரியர் யோசித்த ஏற்பாடு இது. வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை எழுப்பி அடக்கும். விமானம், ரயில், ஏசி போன்ற சீரான உறுமலுக்குச் சரி. தெருமுனை ஒலிபெருக்கியிடமும் ஆட்டோ ஹாரனிடமும் அவ்வளவாகப் பலிக்காது.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. அதைக் கேட்டு வாங்க வேண்டிய நாம், காதைப் பொத்திக்கொள்ள இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கொட்டுவது என்ன நியாயம்?

பிள்ளைகளைப் பார்க்க அடிக்கடி விமானம் ஏறுபவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் கடையிலேயே அரைமணி மாட்டிப் பாருங்கள். கனக்கிறதா? மூக்குக்கண்ணாடிக் காம்பை அழுத்துகிறதா? விரலால் தடவுவதற்குப் பதில் அமுக்கும் பொத்தான் உண்டா? விளம்பரத்தைவிட இவைதான் முக்கியம்.

நடைப்பயிற்சிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் பஸ்ஸின் உறுமலைத்தான் அது முதலில் அழிக்கும்.