மணமில்லாத நஞ்சும் விடுதி முதலாளிமாரும்

கொள்முதலுக்காகப் பல ஊர்களில் தங்கியிருக்கிறேன். அறைக்குள் போனதும் தாழ்ப்பாள் சரியா, மின்விசிறி சுற்றுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பேன். தண்ணீர் சூடாக்கும் கேஸ் அடுப்பு எங்கே இருக்கிறது, அதன் புகை எந்த வழியாக வெளியே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் பூன் நகரில் நடந்ததை அறிந்த பிறகுதான் அந்தக் கேள்வி என் மனதில் எழுந்தது. 2013 ஏப்ரலில் அங்கு ஒரு ஹோட்டலின் 225ஆம் இலக்க அறையில் வயோதிபத் தம்பதியர் இறந்து கிடந்தனர். காரணம் உடனே தெரியவரவில்லை. அறை மீண்டும் வாடகைக்கு விடப்பட்டது. ஜூனில் அதே அறையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். தாய் உயிர் தப்பினார். கீழ்த்தளத்தில் நீச்சல் தடாகத்தின் நீர் சூடாக்கியிலிருந்து வந்த காபனோரொட்சைட்டு வாயுவே மூவரையும் கொன்றது. அவ்வாண்டிலேயே, எரிபொருள் சூடாக்கி உள்ள விடுதிகளில் இவ்வாயுவைக் காட்டும் அலாரம் பொருத்த வேண்டுமென அம்மாநிலம் சட்டமியற்றியது.

இவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, வாந்தி வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைப்போம். புகை அலாரமும் இதைக் காட்டித் தராது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில், குளிருக்காகக் கேஸ் ஹீட்டர் வைத்து மூடிய அறையில் உறங்கிய கேரளத்தவர் 8 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் சிறுவர்கள்.

புதிய சட்டம் என்றாலே இன்னுமொரு செலவு, இன்னுமொரு அதிகாரி என்று நாம் முகம் சுளிக்கிறோம். நானும் அப்படித்தான். ஆனால் இந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். எல்லோருக்கும் கட்டாயமென்றால், பாதுகாப்புக்குச் செலவழிப்பவர் செலவழிக்காதவரோடு வாடகையில் போட்டியிட்டு நட்டப்பட வேண்டியதில்லை. மின்சாரம் மட்டும் பாவிக்கும் இடங்களுக்கு விலக்களிக்கலாம்.

நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் விடுதி நடத்தும் சகோதரர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அலாரத்தைப் பொருத்துங்கள், மாதமொருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். கரி அடுப்பை அறைக்குள் எடுத்துச் செல்ல எவருக்கும் இடங்கொடாதீர்கள். வாடகை வாங்கிய இரவுக்கு விருந்தாளியின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.